மூடி போட்டு, தீயைக் குறைத்து

அவளை எல்லோரும் சொட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில், பைப்பெட்டின் நுனியில் தொங்கிய ஒரு துளி விழுமா விழாதா என்று அவள் அசையாமல் நின்றதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். விழவேண்டிய துளி விழும்வரை சாப்பாட்டு மணி அடித்தாலும் நகரமாட்டாள். விழக்கூடாதது விழுந்துவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பெயர் அவள் பின்னாலேயே வீடுவரை வந்துவிட்டது. அண்ணன், அண்ணி, பால் போடுகிறவர், கீழ்வீட்டுக் குழந்தை, எல்லோருக்கும் சொட்டுதான். வயது நாற்பத்து மூன்று. இனிமேல் வேறு பெயர் வரப்போவதில்லை என்று அவளும் விட்டுவிட்டாள்.

கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. முதல் ஆள் அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது ஆள், ஆய்வுக்கூடத்தில் வேலை என்றதும், "அங்க மூத்திரமெல்லாம் பாப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காபியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சொட்டு உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எது பாதியில் நின்றாலும் அவனுக்குப் பொறுக்காது.

இந்தச் சொட்டுதான் போன மாதம் ஒரு நாள் ஆய்வுக்கூடப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். டாக்டரம்மா மேலே நின்று பார்த்தார்.

"தீப்பிடிச்சிருக்கா, சொட்டக்கா?"

"இல்லையே."

"அப்ப ஏன் ஓடி வர்றீங்க?"

சொட்டு யோசித்தாள். தெரியவில்லை.

டாக்டரம்மா மருந்து எழுதும் டாக்டர் இல்லை. வேதியியல் படித்து வாங்கிய பட்டம். ஆனாலும் கீழ்த்தளத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் தொண்டை வலி என்றால் அவரிடம்தான் வருவார்கள். அவரும் எதையாவது சொல்லி அனுப்புவார். பெரும்பாலும் உப்பு நீர். ஆய்வுக்கூடத்தில் இருப்பது அவர்கள் இருவர்தான். பாலில் தண்ணீர், மிளகாய்த் தூளில் செங்கல், தேனில் சர்க்கரைப் பாகு. இவற்றைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை.

அந்த ஓட்டத்துக்குச் சில வாரம் முன்னால், அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து டீ வந்தது. அதாவது டீயைப் பற்றிய கேள்வி வந்தது. மூலிகை டீ குடித்தால் ஆயுள் கூடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். பெரிய கடைகளில் அதற்கென்றே ஒரு தட்டு. பெட்டிகளின்மேல் தங்க எழுத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று போட்டிருக்கும். சந்தையில் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுக்கும் இலையில் அது இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு? பெட்டியில் அதிகமா, சாக்கில் அதிகமா? வாசகர்கள் கேட்டுத் துளைக்கிறார்களாம்.

"ஆப்பிளை நறுக்கி வெச்சா பழுப்பாகுதுல்ல, இரும்பு துருப்பிடிக்குதுல்ல," என்று டாக்டரம்மா ஃபோனில் பத்திரிகைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த மாதிரி ஒரு வேலை உடம்புக்குள்ளயும் நடக்குது. அதை மட்டுப்படுத்துற சரக்கு இலையில இருக்கு. எவ்வளவு இருக்குன்னு நாங்க ட்யூப்ல பாத்துச் சொல்லலாம். ஆயுள் கூடுமான்னு கேட்டா சொல்லமாட்டேன். ட்யூபுக்கு ஆயுள் கிடையாது."

பெட்டி டீ ஏழு வகையை டாக்டரம்மா வாங்கினார். சந்தை டீ ஏழு வகையைச் சொட்டு வாங்கிவரவேண்டும்.

"எப்படிப் போடுறது?" என்று சொட்டு கேட்டாள்.

"வீட்டுல ஜனங்க எப்படிப் போடுவாங்களோ அப்படி. பெட்டியில முறை அச்சடிச்சிருக்கும். சந்தையில விக்கிறவங்களைக் கேளுங்க. அவங்க சொல்றபடியே போட்டுருங்க."

தகரக் கூரை போட்ட சந்தை. தரை எப்போதும் ஈரம். முதல் ஆறு பேரிடம் வேலை சட்டென்று முடிந்தது. "வெந்நீர்ல போடு, மூணு நிமிஷம், வடிகட்டு" என்றார் ஒருவர். அதையே இன்னொருவர் வேறு வரிசையில் சொன்னார். ஒரு அம்மா தலையை நிமிர்த்தவேயில்லை. மூன்று விரலைக் காட்டிவிட்டு அடுத்த பொட்டலத்தைக் கட்டப் போய்விட்டாள்.

ஏழாவது கடை கடைசியில் இருந்தது. ஒருபக்கம் பூண்டு விற்கும் அம்மா, மறுபக்கம் கத்தி சாணை பிடிக்கும் இடம். நடுவில் சாக்குகள். சாக்குகளுக்கு நடுவில், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி ஒருவர். அவளைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கலாம்.

"இது என்ன கலவைங்க?"

"செம்பருத்தி, புதினா, எலுமிச்சம்புல், இஞ்சி, அப்புறம்…" தும்மினார். "அப்புறம் பட்டை. மன்னிச்சுக்குங்க, மேடம். தூசி."

"எப்பவும் இப்படித்தானா?"

"கடை திறந்திருக்கும்போது மட்டுந்தான்."

"சரக்கு நல்ல சரக்கும்மா," என்று பூண்டுக்காரம்மா பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "இவனுக்குத்தான் ஒத்துக்கலை. தும்மல்னே பேரு வெச்சாச்சு. ஒண்டிக்கட்டை. ராத்திரியில தும்மினா ஏன்னு கேக்க ஆளில்ல."

கடைசிச் செய்தியை யாரும் கேட்கவில்லை. தும்மல் காது சிவந்து, ஒரு பிடி இலையை அள்ளிக் காகிதத்தில் போட்டார்.

"இதை எப்படிப் போடணும்?" என்று சொட்டு கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு மறுபடியும் திறந்தார்.

"அது கொஞ்சம் பெரிய வேலைங்க, மேடம்."

"சொல்லுங்க."

"முதல்ல தண்ணியைக் கொதிக்க விடணும். இலையைப் போடணும். போட்டு, மூடி போடணும்."

"மூடி முழுசாவா, கொஞ்சம் திறந்தா?"

இத்தனை வருஷ வியாபாரத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. முகம் அகலமாகியது.

"கொஞ்சம் திறந்து. ஒரு விரல் போற அளவுக்கு."

"எந்த விரல்?"

அவர் தன் கையைப் பார்த்தார். அவளும் அவர் கையைப் பார்த்தாள். மஞ்சள் படிந்த, நகம் வெட்டிய, சுத்தமான கை.

"சுண்டு விரல்," என்றார்.

"சரி."

"தீயைக் குறைக்கணும். எரியுதா அணைஞ்சுடுச்சான்னு குனிஞ்சு பாக்கத் தோணணும். அந்த அளவுக்கு."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். பாதியாச் சுண்டணும்."

சாணை பிடிக்கிற இடத்தில் பொறி பறந்தது. சொட்டு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான், குடையைக் கடையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. அதில் அவளுக்கு வருத்தமே வரவில்லை. வராதது விசித்திரமாக இருந்தது.

குடைக்காக ஒருமுறை போனாள். அப்போது ஒரு சந்தேகம் கேட்டாள்: நடுவில் கிளறவேண்டுமா? கிளறவேண்டும், மெதுவாக, வலப்பக்கமாக. அடுத்தமுறை போனபோது, மூடியை எடுக்கும்போது ஆவி வெளியே போய்விடாதா என்று கேட்டாள். போகும், அதனால் மூடியைச் சாய்த்து எடுக்கவேண்டும், மேலே சேர்ந்த தண்ணீர் திரும்பப் பாத்திரத்தில் விழுகிற மாதிரி. இந்த இரண்டும் நிஜமான சந்தேகங்கள். மூன்றாவதைப் பஸ்ஸில் போகும்போது யோசித்துக் கண்டுபிடித்தாள்.

"கரண்டி மரமா, எவர்சில்வரா?"

"மரம்," என்றார் தும்மல், ஒரு கணம்கூட யோசிக்காமல். "எவர்சில்வர்னா அது வேற டீ."

ஒவ்வொரு முறையும் ஒரு பொட்டலம் வாங்கினாள். ஆய்வுக்கூடத் தராசில் வைத்துப் பார்த்தாள். அவருடைய ஒரு பிடி போகப்போகக் கனத்துக்கொண்டே வந்தது. கடைசியாக வாங்கியது ஒரு பிடியே இல்லை. இரண்டு கையாலும் அள்ளியது. தராசின் எண்ணைப் பார்த்துத் தனியாக நின்று சிரித்தாள்.

வீட்டில் அண்ணி சிரிக்கவில்லை. சிரிக்காத மாதிரி வைத்துக்கொண்டாள்.

"சொட்டு, இது வீடா குதிரை லாயமா? எந்த அலமாரியைத் திறந்தாலும் புல்லு."

"சாம்பிள், அண்ணி."

"சாம்பிள் ரெண்டு கிராம் போதும்னு நீதானே சொன்னே. இது ரெண்டு மூட்டை இருக்கு."

"என் சட்டையெல்லாம் வாசனை," என்றான் அண்ணன். "நேத்து லிஃப்டுக்குள்ள ஒரு அம்மா, யாரு டூத்பேஸ்டைக் கொட்டினதுன்னு கீழ குனிஞ்சு தேடுது."

"நீங்க நாள் பூரா கிரீஸ்ல புரண்டுட்டு வர்ற நாத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை." அண்ணி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "கடைக்காரருக்கு என்ன வயசு?"

"எந்தக் கடைக்காரர்?"

"அது சரி," என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனாள். போகிற போக்கில் புருஷனிடம், "பொங்கப்போற பால் மாதிரி இருக்கா உங்க தங்கச்சி. யாராவது பக்கத்துலயே நின்னு பாத்துக்கணும்" என்றாள். அன்று காலை சொட்டு போட்ட காபியில் உப்பு இருந்தது. அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடித்திருந்தான்.

சோதனை நாளன்று டாக்டரம்மாவுக்குக் காலையில் வேறொரு இடத்தில் கூட்டம். டீ போடும் வேலை முழுக்கச் சொட்டுவுடையது. எல்லாவற்றிலும் ஒரே எடை இலை. ஒரே அளவு தண்ணீர். பதின்மூன்று கோப்பைகள் சீக்கிரமே முடிந்தன. பெட்டிகளும் அந்த ஆறு சந்தைக்காரர்களும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். பதினான்காவதற்கு அவள் வீட்டிலிருந்து மரக்கரண்டி கொண்டுவந்திருந்தாள். தீயைக் குறைத்தாள். குனிந்து பார்த்தாள். மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே சுண்டு விரலை வைத்துப் பார்த்தாள், சுட்டது, சரியான இடைவெளி. வலப்பக்கமாகக் கிளறினாள். பாதியாகச் சுண்டியது. அறை முழுக்க எழுந்த மணத்தில் கார் ஓட்டக் கற்க வந்தவர்கள் இரண்டு பேர் மாடியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

டாக்டரம்மா வந்ததும் வடிகட்டிய டீக்களைக் குழாய்களில் எடுத்து, மூடிகளில் நகப்பூச்சால் வெவ்வேறு நிறப் புள்ளி வைத்து, சொட்டுவைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு இடம் மாற்றினார். எது எந்த டீ என்று தெரியாமல் அளந்தால்தான் கண் ஏமாற்றாது என்பது அவர் கொள்கை. நகப்பூச்சு அவருடையது. அவர் நகத்தில் எப்போதும் ஒரு விரலுக்கு மட்டும்தான் பூச்சு இருக்கும்.

பிறகு ஊதா. அடர்ந்த ஊதா நிறத்தில் ஒரு கரைசல். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அலுமினியத் தாள் சுற்றி அலமாரிக்குள் இருக்கும். அதில் டீயை மிகக் கொஞ்சமாகச் சேர்த்து இருட்டில் அரை மணி நேரம் வைத்தால், டீயில் சரக்கு இருக்கிற அளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகும். வெளுத்தது எவ்வளவு என்று ஒரு கருவி எண்ணாகச் சொல்லும். டீயின் சொந்த நிறத்தைக் கழித்துவிடவேண்டும், செம்பருத்தியின் சிவப்பு கருவியைக் குழப்பும். சொட்டுவின் கை இதையெல்லாம் தானாகவே செய்யும். அன்று கை செய்துகொண்டிருக்க, அவள் அலமாரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தபோது, பச்சைப் புள்ளி வைத்த குழாய் முழு மஞ்சளாக நின்றது. மற்றவை ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் நடுவே எங்கெங்கோ மங்கலாகக் கிடந்தன.

"அம்மாடி!" என்றார் டாக்டரம்மா. "இது எது?" தன்னிடமிருந்த குறிப்பைப் பார்த்தார். "சந்தை ஏழு."

சொட்டுவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"என்ன?"

"விக்கல்."

பத்திரிகையில் வரும்வரை வெளியே சொல்லக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறும்போதும் தெரிந்திருந்தது. பஸ் சிக்னலில் நின்றபோது, இறங்கி நடந்தால் சீக்கிரம் போகலாம் என்று தோன்றி இறங்கி நடந்தாள். நடை என்று சொல்ல முடியாது.

"முதல் இடம்," என்றாள் மூச்சு வாங்க.

"எதுல, மேடம்?"

"எல்லாத்துலயும். தங்க எழுத்துப் பெட்டியெல்லாம் உங்களுக்குப் பின்னாடி."

தும்மல் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். தும்மல் வந்தது. அடுத்தடுத்து வந்தது. கண்ணில் தண்ணீர். அது எதனால் வந்த தண்ணீர் என்று சொல்ல முடியவில்லை.

"பாத்தியாடா," என்றாள் பூண்டுக்காரம்மா. "உன் இலைக்கு இருக்கிற மரியாதை உன் மூக்குக்குத் தெரியலை."

மறுநாளே பலகை வந்துவிட்டது. நீலப் பெயிண்ட்: ஆய்வுக்கூடத்தில் முதல் இடம். அதற்கடுத்த நாள் கூட்டம் வந்துவிட்டது. நடைப்பயிற்சி முடித்து வருகிறவர்கள், சர்க்கரை நோய்க்காரர்கள், ஒன்றும் நோயில்லாதவர்கள். கும்பலுக்கு மேலாகக் கையைத் தூக்கி ஆட்டினார் அவர். அவளும் தூரத்திலிருந்து ஆட்டினாள். பக்கத்தில் போக முடியவில்லை. காலுக்கும் தரைக்கும் நடுவே யாரோ காற்றடித்து வைத்தது போல இருந்தது அவளுக்கு. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டியது அன்றைக்குத்தான்.

மறுநாள் டாக்டரம்மா கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

"சொட்டக்கா, டீ போட்ட முறைன்னு ஒரு வரி சேக்கணும். எல்லாமே மூணு நிமிஷந்தானே?"

"ஒண்ணு மட்டும் இருபது."

"இருபது?"

"பாதியாச் சுண்டணும்னு சொன்னார்."

"யாரு?"

"கடைக்காரர். மூடியைச் சுண்டு விரல் அளவுக்குத் திறந்து வெச்சு."

"சுண்டு விரல்."

"வலப்பக்கமா கிளறி. மரக்கரண்டியால."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் பல விஷயங்கள் வந்து போயின.

"சொட்டக்கா, பாதியாச் சுண்டவிட்டா எதுதான் ஜெயிக்காது? உங்க அண்ணன் சட்டையைப் போட்டுக் கொதிக்க வெச்சாலும் ஜெயிக்கும்."

எத்தனையோ வருஷமாக அளந்து பழகியவளுக்கு இது தோன்றாமல் போனது எப்படி? அவளுக்கே விளங்கவில்லை. விளங்கியது. விளங்கவில்லை என்று வைத்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுந்தான்," என்றார் டாக்டரம்மா. "விக்கிறவங்க சொல்றபடி போடுங்கன்னு சொன்னது நான்தானே. இப்படி ஒரு ஆள் இருப்பார்னு யாருக்குத் தெரியும்? இன்னிக்கே எல்லாத்தையும் ஒரே மாதிரி போட்டுப் பாத்துருவோம். ஒரே தண்ணி, ஒரே மூணு நிமிஷம்."

மறுபடியும் பதினான்கு கோப்பைகள். அவளுடைய பயம் டீயைப் பற்றியது இல்லை. பலகையைப் பற்றியதுகூட இல்லை. பலகையை இறக்கச் சொல்லும்போது, ஊர் முன்னால் தலைகுனிய வைத்தவள் என்று அவர் நினைப்பார். அடுத்தமுறை அவள் போய் நின்றால் நிமிர்ந்து பார்க்காமல் "என்ன வேணும்?" என்பார். மற்ற ஆறு பேரைப் போல. அப்புறம் அந்தப் பஸ்ஸில் ஏற ஒரு காரணமும் இருக்காது. அவர் இலையை வடிகட்டும்போது வடிகட்டி கையில் இருந்தது, மணி ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க யாருமில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் விட்டால் யாருக்குத் தெரியும்? கை அதைக் கேட்கவில்லை. மூன்றாவது நிமிஷம் முடிந்ததும் வடிகட்டிவிட்டது. அந்தக் கைமேல் அவளுக்குக் கோபம் வந்தது.

ஒன்பதாவது இடம்.

முதலில் வந்தது, நிமிர்ந்தே பார்க்காமல் மூன்று விரலைக் காட்டிய அம்மாவின் இலை. அடுத்தது யாரும் வாங்காத அழுக்குப் பச்சைப் பெட்டி ஒன்று. சந்தை, பெட்டி என்ற பிரிவே இல்லாமல் எல்லாம் மேலும் கீழுமாகக் கலந்து கிடந்தன. தங்க எழுத்துப் பெட்டி பன்னிரண்டாவது. டாக்டரம்மாவுக்கு ஒரே உற்சாகம். இதுதான் நல்ல கட்டுரை என்றார். சொட்டு பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க?"

"சந்தைக்கு. பலகை வெச்சிருக்கார்."

"என்ன பலகை?"

சொட்டு சொன்னாள். தான் போய்ச் சொன்னதையும் சொன்னாள். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "போங்க, போங்க. முதல்ல போய்ச் சொல்லுங்க. திட்டறதை நாளைக்குத் திட்டறேன்" என்றார்.

சாயங்காலம் கூட்டம் மெலிந்திருந்தது. சொட்டு பூண்டுக் கூடைகள் வரை வந்து நின்றாள். வாயில் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தாள். அப்போது தும்மல் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்வது கேட்டது.

"வெந்நீர்ல போடுங்க. மூணு நிமிஷம். வடிகட்டிக் குடிங்க. அடுத்து யாருங்க?"

அடுத்து அவள்தான்.

"மேடம்! வாங்க, வாங்க!"

"அவர்கிட்ட இப்ப என்ன சொன்னீங்க?"

"எவர்கிட்ட?"

"இப்பப் போனாரே, அவர்கிட்ட. மூணு நிமிஷம்னு சொன்னீங்க."

தும்மல் ஒரு சாக்கின் வாயை இழுத்துச் சுருட்டினார்.

"இருபது நிமிஷம் என்னாச்சு? மூடி? சுண்டு விரல்?"

அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எந்த மூடிம்மா?" என்றாள் பூண்டுக்காரம்மா. "எத்தனை வருஷமா இவன் பக்கத்துல உக்காந்திருக்கேன். வெந்நீரை ஊத்துவான், குடிப்பான், தும்முவான். அவ்வளவுதான் முறை. மூடின்னு ஒண்ணை நான் கண்ணால பாத்ததில்ல."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

சாணைக்கல் நின்றிருந்தது. அங்கேயும் கேட்கிறார்கள் போல.

"மூணு நிமிஷம்னு சொல்லியிருந்தா," என்றார் அவர், சாக்கைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த நிமிஷமே போயிருப்பீங்க, மேடம்."

சொட்டு தயாராக வைத்திருந்த வாக்கியம் எங்கோ விழுந்துவிட்டது. தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"நீங்க சொன்னபடியே போட்டேன்," என்றாள் கடைசியில். "ஒண்ணு விடாம. அதனாலதான் முதல் இடம். இன்னிக்கு எல்லாத்தையும் ஒரே மாதிரி போட்டோம்."

"இப்ப எத்தனாவது?"

"ஒன்பது."

"எத்தனைல?"

"பதினாலுல."

அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். சொட்டு அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கடைசி இல்லையே," என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் தும்மலாகி, தும்மல் மறுபடியும் சிரிப்பாகியது. "சுண்டு விரலை வெச்சுப் பாத்தீங்களா நிஜமாவே?"

"சுட்டுடுச்சு."

"ஐயோ!"

"கரண்டி மரமான்னு கேட்டேனே," என்றாள் சொட்டு வேகமாக, நிறுத்தினால் சொல்ல முடியாது என்பதுபோல. "அது எங்களுக்குத் தேவையே இல்ல. பஸ்ல வரும்போது யோசிச்சு வெச்சேன்."

இதைக் கேட்டதும் அவர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்ததற்கு ஒரு வேலை வேண்டுமே என்று பலகையை இறக்கினார். பை வைத்திருந்த ஒருவர் கிட்டே வந்தார்.

"ஏங்க, ஏன் இறக்குறீங்க?"

"தப்பா எழுதிட்டேங்க. முதல் இடம் இல்ல, ஒன்பதாவது."

"ஒன்பதாவதா?" அவர் சாக்கைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், சொட்டுவைப் பார்த்தார். "பரவாயில்ல, இவ்வளவு சிரிக்கிறீங்களே. நூறு கிராம் குடுங்க."

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்.

"அப்ப டெஸ்ட் முடிஞ்சுடுச்சா?" என்றார் தும்மல்.

"முடிஞ்சுடுச்சு."

"இனிமே சந்தேகம் எதுவும் வராதா?"

சொட்டு பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"போடுற முறையை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

"வெந்நீர்ல போட்டு, மூணு…"

"அது இல்ல. எனக்குச் சொன்னது."

பலகையைச் சாக்கின்மேல் சாய்த்துவிட்டு அவர் நேராக நின்றார்.

"தண்ணியைக் கொதிக்க விடணும்."

"ம்."

"இலையைப் போட்டு மூடி போடணும். தீயைக் குறைக்கணும். குனிஞ்சு பாக்கணும். பாத்துட்டு, ஜன்னல் பக்கமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கணும்."

"இது புதுசா இருக்கே."

"அன்னிக்குச் சொல்ல நேரமில்ல. நாற்காலி ரெண்டு."

"ரெண்டு எதுக்கு?"

"ஒருத்தர் கிளறணும். ஒருத்தர், வலப்பக்கமாத்தான் கிளறுறாங்களான்னு பாத்துக்கிட்டு இருக்கணும்."

"அப்புறம்?"

"சுண்டுற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டிருக்கணும்."

"என்ன பேசுறது?"

"அதை…" தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கினார். "அதை உங்க வீட்டுல வந்து பேசலாமா? அண்ணன் இருக்கார்னு சொன்னீங்களே."

"அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டான். அண்ணிகிட்டதான் பேசணும்."

"அண்ணிக்கு என்ன கொண்டு வரட்டும்?"

"டீயைத் தவிர எது வேணும்னாலும்."

பூண்டுக்காரம்மா தராசைத் துடைத்தாள். கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். படுதாவை இழுத்துக் கட்டினாள். சாக்குகளுக்கு நடுவே இரண்டு பேரும் இன்னும் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா, இன்னுமா கொதிக்கலை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.